ஏலப்பாறையில் ஆங்கில வகுப்பு

ஏலப்பாறை என்னும் பெயரை நம் மன்றத்து நண்பர்கள் பலர் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள். கோட்டயத்திலிருந்து குமுளிக்குச் செல்லும் மலைச்சாலையில் குட்டிக்கானம் வந்ததும், கட்டப்பனைக்குப் போகும் பாதையில் திரும்பினால், தேயிலைத் தோட்டங்களின் நடுவே அச்சிற்றூர் தோன்றும். கேரள மாநிலம் இடுக்கி மாவட்டத்தில், பீர்மேடு வட்டத்தில் உள்ளது. அங்கே பிறந்து வளர்ந்தவன் என்ற உரிமையில், அங்குள்ள வகுப்பறைகளில் நுழைந்திருக்கும் ஒரு புதுமையைப் பற்றி எழுதத் துணிகின்றேன். ஆங்கிலம் கற்பிக்கும் ஆசிரியர்கள் செயற்கை நுண்ணறிவைத் தமக்குத் துணையாகக் கொள்ளத் தொடங்கியிருக்கிறார்கள். இது நன்மையா தீமையா என்று நம் விடுதியில் நள்ளிரவு வரை வாதாடும் நண்பர்கள், வசதி குறைந்த ஒரு மலையூரிலிருந்து இதைப் பார்த்தால் எப்படித் தெரியும் என்பதையும் அறிதல் வேண்டும்.

முதலில் அங்குள்ள மக்களைப் பற்றிச் சில சொற்கள். வெள்ளையர் காலத்தில் தேயிலை பயிரிடத் தமிழ் மாவட்டங்களிலிருந்து மலையேறியவர்களின் வழிவந்தவர்கள், இன்றும் அத்தோட்டங்களில் வாழ்கிறார்கள். 1956ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள் மாநில எல்லைகள் மாற்றி வரையப்பட்டபோது, கன்னியாகுமரிப் பகுதியும் செங்கோட்டையும் அன்றைய சென்னை மாநிலத்துடன் சேர்ந்தன. தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்தில் நின்றுவிட்டன. எல்லைக்கோடு மாறிற்று, லயத்தில் பேசிய மொழி மாறவில்லை. ஆகையால் எங்கள் ஊர்த் தோட்டத்துப் பிள்ளைக்கு வீட்டில் தமிழ், கடைவீதியிலும் பேருந்திலும் மலையாளம். பள்ளிக்குச் சென்றால் இவற்றோடு ஆங்கிலமும் இந்தியும் சேர்ந்துகொள்கின்றன. பத்து வயதுப் பிள்ளை நான்கு எழுத்துகளைக் கண்ணால் காண்கிறது. அவற்றுள் எதை வாயால் பேசுகிறது என்பதுதான் கேள்வி.

ஆங்கிலம் அப்பிள்ளைக்கு எதற்கு என்று கேட்பவர் உண்டு. 2000ஆம் ஆண்டையொட்டித் தேயிலை விலை சரிந்தபோது, பீர்மேட்டுப் பகுதியில் சில தோட்டங்கள் மூடப்பட்டன. அதன்பின், கொழுந்தெடுக்கும் கூடையை மகள் தோளில் மாட்டிவிட எந்தத் தாயும் விரும்பியதில்லை. செவிலியர் படிப்பு, கணினிப் படிப்பு, வெளிநாட்டு வேலை ஆகியவைதாம் மலையிலிருந்து இறங்கும் வழிகள். செவிலியர் படிப்பை முடித்த பெண்ணும் இங்கிலாந்திற்கோ ஆஸ்திரேலியாவிற்கோ செல்ல வேண்டுமானால், ஆங்கிலத்தில் கேட்டல், பேசல், படித்தல், எழுதல் என்ற நான்கிலும் தேர்வு எழுதித் தேற வேண்டும். இலக்கணத்தில் நூற்றுக்குத் தொண்ணூறு வாங்கியவள் பேச்சுத் தேர்வில் வாயடைத்து நின்ற கதைகளை நான் எங்கள் ஊரில் கேட்டிருக்கிறேன்.

வசதி குறைவு என்றதும் கணினியே இல்லாத ஓட்டுப் பள்ளிக்கூடத்தை நினைத்துவிட வேண்டா. கேரள அரசு 2001ஆம் ஆண்டிலேயே பள்ளிகளுக்குக் கணினிக் கல்வித் திட்டத்தைக் கொண்டுவந்தது. அத்திட்டமே 2017இல் 'கைட்' என்னும் நிறுவனமாக வளர்ந்தது. 2018இல் மாநிலம் முழுவதும் 45,000 வகுப்பறைகளில் கணினியும் திரையும் வைக்கப்பட்டன. 2020 ஜூன் மாதம், நோய்த்தொற்றினால் பள்ளிகள் அடைபட்டிருந்தபோது, தொலைக்காட்சி வழியே பாடம் நடத்தினர். தமிழ்வழி மாணவருக்கும் பாடங்கள் தனியே ஒளிபரப்பாயின. 2024ஆம் ஆண்டு மே மாதம் முதல், எட்டாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டாம் வகுப்பு வரை கற்பிக்கும் 80,000 ஆசிரியர்களுக்கு, மூன்று நாள் வீதம் செயற்கை நுண்ணறிவுப் பயிற்சி அளிக்கும் திட்டம் தொடங்கியது. பாடத்தைச் சுருக்குதல், படம் உருவாக்குதல், வினாத்தாள் அமைத்தல், பொய்ப்படங்களை இனங்காணுதல் முதலியன அதில் இடம்பெற்றன. ஒரு மாநிலம் தன் ஆசிரியர்களை இவ்வளவு பெருந்தொகையாக இத்துறையில் பயிற்றுவிக்க முன்வந்தது பாராட்டுக்குரியது.

அப்படியானால் குறை எங்கே? மலையில் மழைக்காலம் நீண்டது. காற்றடித்தால் மரம் விழும்; மரம் விழுந்தால் மின்கம்பி அறும். சில தோட்டங்களில் கைப்பேசிக்கு அலை கிடைக்க வேண்டுமானால், கையில் அதைத் தூக்கிக்கொண்டு மேட்டுக்கு ஏற வேண்டும். ஒரு வீட்டில் ஒரே கைப்பேசி இருக்கும். அதுவும் தந்தையோடு வேலைக்குப் போய் இரவில்தான் திரும்பும். இவை எல்லாவற்றையும்விடப் பெரிய குறை ஒன்று உண்டு. அந்தப் பிள்ளை ஆங்கிலத்தில் ஒரு வாக்கியம் சொன்னால், அதைக் காதுகொடுத்துக் கேட்க ஓர் ஆள் இல்லை. வீட்டில் இல்லை, தெருவில் இல்லை. நாற்பது நிமிட வகுப்பில் முப்பது பிள்ளைகளுக்கு ஓர் ஆசிரியர். ஆளுக்கு ஒன்றரை நிமிடங்கூடத் தேறாது.

என் சித்தி மகள், எனக்கு அக்கா முறை, பீர்மேடு வட்டத்துப் பள்ளி ஒன்றில் ஆங்கில ஆசிரியை. சென்ற விடுமுறையில் அவர் வீட்டில் பத்து நாள் தங்கியிருந்தேன். இரவு உணவு முடிந்ததும் வாசற்படியின் ஓரத்தில் வந்து அமர்வார். அங்குதான் அலை நன்றாகக் கிடைக்கும். கைப்பேசியில் சாட்ஜிபிடியைத் திறந்து, மறுநாள் பாடத்துக்கு வேண்டியதைக் கேட்பார். வந்ததைக் குறிப்பேட்டில் கையால் எழுதிக்கொள்வார். "நாளைக்கு ஸ்கூல்ல நெட் இருக்கும்னு நம்பி வகுப்புக்குள்ள போகக் கூடாது தம்பி. நோட்டு இருந்தா கரண்ட் போனாலும் பாடம் நடக்கும்" என்றார்.

எந்திரம் முதலில் எழுதித் தந்த பகுதியை நான் பார்த்தேன். 'ஒரு காலை நேரம்' என்ற பொருள் பற்றி ஏழாம் வகுப்புக்கு ஏற்ற எளிய ஆங்கிலத்தில் எழுதுமாறு கேட்டிருந்தார். ரொட்டி வாட்டும் கருவி, பனி மூடிய சாலை, மஞ்சள் நிறப் பள்ளிப் பேருந்து என்று அது எழுதிற்று. இலக்கணப் பிழை ஒன்றுமில்லை. ஆனால் அந்தக் காலை எங்கள் ஊரில் விடிவதில்லை. அக்கா மறுபடியும் எழுதினார்: இது மலையூர், மூடுபனி உண்டு, தாய் ஏழரை மணிக்குள் வேலைக்குப் புறப்படுகிறாள், சிறுமி தம்பியை அங்கன்வாடியில் விட்டுவிட்டுப் பள்ளிக்குச் செல்கிறாள், புதிய சொற்கள் எட்டுக்கு மேல் வேண்டா, ஒவ்வொன்றும் மூன்று முறை வரட்டும். இம்முறை வந்த பகுதியை, நான்கு இடங்களில் திருத்தியபின், வகுப்பில் படிக்கத்தக்கதாக்கிவிட்டார். அதே பகுதியை எழுத்துக்கூட்டிப் படிக்கும் பிள்ளைக்கு ஒருவிதமாகவும், முன்னே நிற்கும் பிள்ளைக்கு வேறுவிதமாகவும் எழுதித் தரச் சொன்னார். தாமே எழுதினால் இரண்டு மணி நேரம் பிடிக்கும் வேலை இருபது நிமிடத்தில் முடிந்தது.

தமிழில் விளக்கம் கேட்டபோதுதான் வேடிக்கை. எங்கள் பக்கத்தில் லயம் என்றால் தொழிலாளர் குடியிருக்கும் வரிசை வீடு. எந்திரத்துக்குத் தெரிந்ததோ சங்கீத லயம்! "நாங்கள் லயத்தில் குடியிருக்கிறோம்" என்பதை, தாளத்தில் வாழ்கிறோம் என்று பொருள்படும் ஆங்கிலமாக மாற்றிவிட்டது. ஏலப்பாறை என்னும் பெயருக்கு விளக்கம் கேட்டோம். ஏலக்காயை விட்டுவிட்டு, பொருளை ஏலம் போடும் பாறை என்றது. அக்கா அவ்விரண்டையும் அப்படியே வகுப்புக்கு எடுத்துச் சென்றார். பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்களாம். பிறகு, "சரி, இதைப் படிக்கிற வெளியூர்க்காரருக்கு லயம்னா என்னன்னு இங்கிலீஷ்ல நீங்களே சொல்லுங்க" என்று கேட்டிருக்கிறார். மாதக்கணக்கில் வாய்திறவாத ஒரு சிறுமி எழுந்து, நீளமான வீடு, பல கதவுகள், எல்லாருக்கும் ஒரே கூரை என்று மூன்று துண்டு ஆங்கிலத்தில் சொன்னாளாம். எந்திரத்தின் பிழையைத் திருத்தும் உரிமை அவளுக்கு இருந்தது. ஏனெனில் லயம் அவளுடையது.

இதை அக்கா சொன்னபோது எனக்கு ஒன்று விளங்கிற்று. எந்திரம் ஆசிரியருக்கு மிச்சப்படுத்தித் தருவது நேரம். அந்த நேரம் பிள்ளையின் வாய்க்கும் ஆசிரியரின் காதுக்கும் திரும்பி வந்தால், எந்திரத்தால் ஆதாயம். வினாத்தாளுக்கு மேல் வினாத்தாள் அச்சடிக்கவும், மேலிடத்துக்கு அறிக்கை எழுதவும் அது செலவாகிவிட்டால், வகுப்பு பழைய வகுப்பாகவே இருக்கும். தாள் மட்டும் கூடும்.

தீங்கின் பக்கத்தையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். உயர்வகுப்பு மாணவர் சிலர் தந்தையின் கைப்பேசியில் கட்டுரை வரவழைத்து, பார்த்து எழுதிக்கொண்டு வருகிறார்கள். ஒரே வாரத்தில் பதினொரு மாணவர் 'என் கிராமம்' என்று எழுதிய கட்டுரையில், பதினொரு கிராமத்திலும் ஒரே ஆறு ஓடிற்று. ஒரே ஆலமரம் நின்றது. துருக்கி நாட்டில் ஏறத்தாழ ஆயிரம் உயர்நிலைப் பள்ளி மாணவரிடையே நடந்த ஆய்வு ஒன்று 2025இல் வெளியாயிற்று. அது கணிதப் பாடத்தைப் பற்றியது. ஆயினும் நமக்கும் பொருந்தும். கேட்டதற்கெல்லாம் விடை சொல்லும் எந்திரத்தோடு பயின்றவர்கள் பயிற்சிக் கணக்கில் 48 விழுக்காடு மேம்பட்டார்கள். எந்திரத்தை எடுத்துவிட்டுத் தேர்வு வைத்தபோது, அதைத் தொடாமலே படித்தவர்களைவிட 17 விழுக்காடு பின்தங்கினார்கள். விடையைச் சொல்லாமல் குறிப்பு மட்டும் தருமாறு ஆசிரியர்கள் அமைத்துக் கொடுத்த எந்திரத்தில் அந்தத் தீங்கு பெரும்பாலும் இல்லை.

அக்கா இதற்குக் கண்ட வழி எளியது. கட்டுரையின் முதல் வரைவை வகுப்பிலேயே, கையால், பதினைந்து நிமிடத்தில் எழுத வேண்டும். பிழை இருக்கலாம், தமிழ்ச் சொல் கலக்கலாம். பிறகு அவற்றுள் ஒன்றை, பெயரில்லாமல், எந்திரத்திடம் காட்டித் திருத்தச் சொல்லுகிறார். திருத்தியதைப் பலகையில் எழுதி, எந்தத் திருத்தத்தை ஏற்பது, எதை ஏற்காமல் விடுவது என்று வகுப்பையே கேட்கிறார். 'கங்காணி' என்ற சொல்லை எந்திரம் 'மேலாளர்' என்று மாற்றியிருந்தது. கூடாது என்று வகுப்பே மறுத்துவிட்டது. கங்காணிக்கும் மேலாளருக்கும் எவ்வளவு தொலைவு என்பது அவர்கள் பாட்டனார் காலத்திலிருந்து அறிந்த செய்தி.

பிள்ளைகள் பார்த்து எழுதுவதை எந்திரத்தைக் கொண்டே கண்டுபிடிக்கலாமே என்று சிலர் யோசனை கூறுவர். இவ்விடத்தில் எச்சரிக்கை தேவை. நம்மையும் தொடுகின்ற செய்தி இது. 2023இல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அத்தகைய 7 கருவிகளைச் சோதித்தார்கள். ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொள்ளாதவர்கள் டோஃபல் தேர்வுக்குத் தம் கையாலேயே எழுதிய 91 கட்டுரைகளை அவற்றிடம் கொடுத்தபோது, சராசரியாக 61 விழுக்காட்டுக்கு மேல் எந்திரம் எழுதியவை என்று அவை தவறாகத் தீர்ப்பளித்தன. அமெரிக்கப் பள்ளி மாணவர் எழுதியவற்றையோ பெரும்பாலும் சரியாகவே இனங்கண்டன. எளிய சொல், சிறிய வாக்கியம், கற்றுக்கொண்ட தொடர் ஆகியவைதாம் இரண்டாம் மொழியாக ஆங்கிலம் எழுதுவோரின் நடை. அந்த எளிமையே அவர்களுக்குக் குற்றச்சாட்டாகிவிட்டது. லயத்திலிருந்து வந்து, முதன்முறையாகத் தானே ஒரு பக்கம் ஆங்கிலம் எழுதிய பிள்ளையை, "இது நீ எழுதியதில்லை" என்று ஓர் எந்திரத்தின் சொல்லைக் கொண்டு ஆசிரியர் சொல்லிவிட்டால், அப்பிள்ளை மறுபடி பேனாவைத் தொடுமா? பிள்ளையின் எழுத்தை ஆண்டு முழுதும் பார்த்துவரும் ஆசிரியரின் கண்ணைவிட நம்பத்தக்க கருவி எதுவும் இதுவரை வரவில்லை என்பது என் துணிபு.

நிற்க. எதிர்ப்பக்கத்து நியாயத்தையும் கேட்போம். "நகரத்துப் பிள்ளை எந்திரத்தைக் கையிலேயே வைத்துப் பயில்கிறது, மலையூர்ப் பிள்ளைக்கு ஆசிரியர் நோட்டில் எழுதி வந்ததுதான் பங்கா?" என்று நண்பர் ஒருவர் என்னைக் கேட்டார். கேள்வி நேர்மையானது. நைஜீரியா நாட்டில், எடோ மாநிலத்தின் பெனின் நகரில், 2024 ஜூன், ஜூலை மாதங்களில் உலக வங்கியின் துணையோடு ஒரு சோதனை நடந்தது. பள்ளி நேரத்துக்குப் பிறகு, ஆறு வாரம், மேனிலை முதலாண்டு மாணவர்கள் மைக்ரோசாப்ட் கோபைலட்டைக் கொண்டு ஆங்கிலம் பயின்றார்கள். அவர்களுடைய தேர்ச்சி, சேராத மாணவரைவிடத் தெளிவாக உயர்ந்தது. கூடுதல் நாள் வந்தவர்கள் கூடுதல் பயன் பெற்றார்கள். மாணவியர் பெற்ற பயன் இன்னும் மிகுதி. ஆகவே ஏழை நாட்டுப் பிள்ளைகளின் கையில் எந்திரத்தைக் கொடுப்பது வீண் என்று நான் சொல்லமாட்டேன்.

ஆனால் அச்சோதனை எவ்வாறு நடந்தது என்பதையும் பார்க்க வேண்டும். ஒரு கணினிக்கு இருவர் வீதம் அமர்ந்தார்கள். இருவர் அமர்ந்தால், எந்திரத்திடம் என்ன கேட்பது என்று முதலில் தமக்குள் பேசிக்கொள்ள வேண்டியிருக்கும். ஒவ்வோர் அமர்விலும் ஆசிரியர் உடனிருந்து, எதைக் கேட்பது என்று வழிகாட்டினார். எந்திரத்தைப் பிள்ளையிடம் எறிந்துவிட்டு ஆசிரியர் விலகிய சோதனையாக அது அமையவில்லை. எங்கள் ஊரிலும் எட்டாம் வகுப்புக்கு மேல், கணினிக்கூடத்தில், இருவர் இருவராக அமர்த்தி இதைச் செய்யலாம். இணையம் இல்லாத நாளுக்கும் வழி உண்டு. கைட் நிறுவனம் உருவாக்கிய 'இ-க்யூப் இங்கிலீஷ்' என்னும் மொழிக்கூட மென்பொருள் இணையமின்றியே பள்ளிக் கணினியில் இயங்கும். பிள்ளை கேட்கலாம், பேசலாம், தன் குரலைப் பதிவு செய்யலாம். ஆசிரியர் பின்னர் கேட்டுப் பார்க்கலாம். கீழ் வகுப்புகளுக்கு எந்திரம் ஆசிரியரின் மேசையோடு நிற்பதே நன்று.

அரசிடம் கேட்க எனக்கு இரண்டு உண்டு. பயிற்சி மூன்று நாளோடு முடிந்துவிடக் கூடாது. ஆங்கில ஆசிரியருக்கு வேண்டியது பாடத்தோடு இணைந்த பயிற்சி. அதுவும் ஒரே வட்டத்து ஆசிரியர்கள் மாதம் ஒருமுறை கூடி, எந்திரம் தந்ததில் எது பயன்பட்டது, எது பொய்த்தது என்று சொல்லிக்கொள்ளும் கூட்டமாக வேண்டும். இரண்டாவது, தமிழ்வழிப் பிள்ளைக்கு ஆங்கிலத்தை விளக்கும் தமிழ் நல்ல தமிழாக, அவர்கள் பேசும் தமிழாக இருக்க வேண்டும். இன்றைய எந்திரங்கள் பலவற்றில் ஒரே கருத்தைத் தமிழில் எழுத, ஆங்கிலத்தைவிடக் கூடுதலான துண்டுகளாக எழுத்துகள் உடைபடுகின்றன. அதனால் செலவு கூடும். இலவச அளவும் சிலவற்றில் தமிழில் விரைவில் தீரலாம். வசதி குறைந்த ஊர், அதிலும் சிறுபான்மை மொழி என்று இரு சுமையும் ஒரே பிள்ளையின் தலைமேல் ஏறுகின்றன. இதை அறிந்து, தமிழ் விளக்கங்களை முன்கூட்டியே ஆயத்தம் செய்து, ஆசிரியர்களிடம் திருத்தம் பெற்று, எல்லாத் தமிழ்வழிப் பள்ளிக்கும் தாளிலேயே அனுப்பலாம்.

அரசு செய்யும் வரை காத்திருக்க வேண்டியதில்லாத வேலை நம்மிடமும் உண்டு, நண்பர்களே. நாம் எல்லாரும் ஆங்கிலத்தைத் தடுமாறித் தடுமாறிக் கற்று இங்கு வந்தவர்கள். அத்தடுமாற்றம் எப்படி இருக்கும் என்று எந்திரத்துக்குச் சொல்லித் தெரியாது, நமக்குத் தெரியும். வாரம் ஒரு மணி நேரம், ஆசிரியர் முன்னிலையில், தொலைபேசி வழியே நான்கு பிள்ளைகள் பேசும் ஆங்கிலத்தைக் கேட்க நம்மில் ஒவ்வொருவராலும் முடியும். திருத்தக்கூட வேண்டா, முதலில் கேட்டால் போதும். அலை கிடைக்கும் நேரத்தை அக்கா குறித்துத் தந்திருக்கிறார்: சனிக்கிழமை காலை பத்து மணி, பள்ளி மேட்டில்.

மற்றொரு வேலை சொற்பட்டியல். கொழுந்து, கவாத்து, லயம், கங்காணி எனத் தோட்டத்துச் சொற்கள் அறுபதுக்கு மேல் அக்காவின் குறிப்பேட்டில் சேர்ந்திருக்கின்றன. அவற்றுக்குப் பிள்ளைகளே சொன்ன ஆங்கில விளக்கங்களும் எதிரே உள்ளன. அவற்றைப் படியெடுத்து, ஒழுங்குபடுத்தி, பீர்மேடு வட்டத்துப் பள்ளிகளுக்கு அனுப்ப நால்வர் தேவை. ஆசிரியர்கள் அடுத்தமுறை எந்திரத்தைக் கேட்கும்போது அப்பட்டியலையும் உடன் கொடுத்தால், தாளத்தில் வாழும் குடும்பங்கள் பாடத்தில் வாரா.

இவ்விரண்டில் ஒன்றில் சேர விரும்புவோர் இம்மாத இறுதிக்குள் மன்றச் செயலாளரிடம் தம் பெயரைத் தரக் கேட்டுக்கொள்கிறேன். முதல் சனிக்கிழமைக்கு எட்டுப் பிள்ளைகள் ஆயத்தமாக இருக்கிறார்கள். கேட்பதற்கு இதுவரை சேர்ந்திருப்பவன் நான் ஒருவனே.